பேட்டரி வண்டி வாங்கலாமா? சிறு விவசாயிகள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

நமது கிராமங்களில் சைக்கிளுக்கு அடுத்தபடியாக வேரூன்றிய வாகனம் மொபெட் ஆகும். 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியும் அதன் வழிவந்த வண்டிகளும் பால் கேன், பசுந்தீவனக் கட்டு, உர மூட்டை, காய்கறிக் கூடை ஆகியவற்றைச் சுமந்து சிறு விவசாயிகளின் வலக்கையாக விளங்கி வருகின்றன. இப்போது அந்த இடத்திற்கு மின்சார ஸ்கூட்டர், அதாவது மக்கள் பேச்சில் 'பேட்டரி வண்டி', போட்டியாக வந்துள்ளது. பெட்ரோல் விலையை எண்ணி இதன்மீது ஆசை கொள்ளும் விவசாயிகள் பலர். தீப்பற்றும் என்ற பயத்தால் தயங்குவோரும் பலர். ஆசையும் பயமும் முடிவெடுக்கப் போதுமானவை அல்ல. மின்சார வாகனம் வாங்குவோரின் முடிவை எவை நிர்ணயிக்கின்றன என்பதையும், அவற்றுள் சிறு விவசாயி எதற்கு எவ்வளவு மதிப்பளிக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

யார் முதலில் வாங்குகிறார்கள்?

இந்தியாவில் 2024-25-ம் ஆண்டில் விற்பனையான இரு சக்கர வாகனங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு வண்டிகளே மின்சாரத்தில் ஓடுபவை. ஆனால் அதே ஆண்டில் மூன்று சக்கர வாகனங்களில், வட மாநிலங்களில் ஓடும் இ-ரிக்‌ஷாக்களையும் சேர்த்து, பாதிக்கு மேற்பட்டவை மின்சார வண்டிகள். நாடு ஒன்று, சாலை ஒன்று, மின்சாரமும் ஒன்றே. அவ்வாறிருக்க இவ்வளவு வேறுபாடு ஏன்?

விடை எளிது. ரிக்‌ஷா ஓட்டுபவர் நாள் முழுதும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் மிச்சமாகும் பணம் அன்று மாலையே அவர் சட்டைப் பையில் தெரிகிறது. வீட்டு உபயோகத்திற்கு ஸ்கூட்டர் வைத்திருப்பவரோ நாளொன்றுக்குச் சில கிலோமீட்டரே ஓட்டுகிறார். அவருக்கு மிச்சம் சிறிது. வாங்கும்போது கொடுக்க வேண்டிய கூடுதல் விலையோ பெரிது. ஆகவே, 'பேட்டரி வண்டி இலாபமா?' என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. 'நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவீர்கள்?' என்ற எதிர்க் கேள்வியிலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டும்.

வீரிய ரக விதை தரும் பாடம்

புதிய பொருளை மக்கள் ஏற்பது பற்றிய ஆராய்ச்சி விவசாயிகளிடமிருந்தே தொடங்கியது என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928 முதல் பரவத் தொடங்கிய வீரிய ஒட்டு மக்காச்சோள விதையைப் பற்றி ரயன், கிராஸ் என்ற இரு அறிஞர்கள் 259 விவசாயிகளை விசாரித்து 1943-ல் ஆய்வு வெளியிட்டனர். விதையைப் பற்றி முதலில் தெரிவித்தவர் பெரும்பாலும் விதை விற்பனையாளரே. ஆனால் விதையை வாங்க வைத்தது பக்கத்துக் காட்டுக்காரரின் அனுபவம். அதிலும் முதலாண்டில் பெரும்பாலோர் தம் நிலத்தில் சிறு பகுதியில் மட்டும் விதைத்துப் பார்த்தனர். பலன் கண்ட பின்னரே பரப்பைக் கூட்டினர்.

அயோவாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எவரெட் ரோஜர்ஸ் என்ற அறிஞர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 1962-ல் ஒரு நூல் எழுதினார். ஒரு புதுமை விரைவில் பரவ ஐந்து தன்மைகள் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அவையாவன: பழையதைவிட நன்மை மிகுந்திருத்தல், பழக்க வழக்கத்தோடு பொருந்துதல், கையாள எளிதாயிருத்தல், சிறு அளவில் சோதித்துப் பார்க்க இயலுதல், பலன் பிறர் கண்ணுக்குத் தெரிதல்.

1960-களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 நெல் குறுவைக்கு ஏற்ற குறுகிய வயதாலும் கூடுதல் மகசூலாலும் பரவியதை மூத்த விவசாயிகள் அறிவார்கள். அதற்கு இந்த ஐந்தும் வாய்த்திருந்தன. பத்து சென்டில் நட்டுப் பார்க்கலாம். வரப்பில் நடந்து செல்பவர் கதிரை எண்ணிப் பார்க்கலாம். பேட்டரி வண்டியைப் பத்து சென்ட் வாங்கிப் பார்க்க முடியாது. வாங்கினால் முழு வண்டியாகவே வாங்க வேண்டும். தவறினால் இழப்பும் முழு இழப்பே. மக்கள் தயங்குவதற்கு இது தலையாய காரணம். இத்தயக்கத்தை அறியாமை என்று கூறுவது பொருந்தாது.

கிலோமீட்டர் கணக்கு

விலைகள் மாநிலத்திற்கு மாநிலம், மாதத்திற்கு மாதம் மாறுபவை. ஆகவே கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையை விளக்குவதற்காக மட்டும் வைத்துக்கொண்டவை. தம் ஊர் விலையைப் போட்டு ஒவ்வொருவரும் தாமே கணக்கிட்டுக் கொள்ள வேண்டும்.

பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாச் செலவும் சேர்த்து ரூ. 95,000 என்றும், மின்சார ஸ்கூட்டர் ரூ. 1,20,000 என்றும் வைத்துக் கொள்வோம். கூடுதல் விலை ரூ. 25,000.

பெட்ரோல் லிட்டர் ரூ. 100; லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு ரூ. 2.22 செலவாகிறது. மின்சார ஸ்கூட்டர் 100 கி.மீ. ஓட, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 4 யூனிட் பிடிக்கும். யூனிட் ரூ. 6 வீதம் ரூ. 24, அதாவது கிலோமீட்டருக்கு 24 காசு. ஆகவே கிலோமீட்டருக்குச் சுமார் ரூ. 2 மிச்சம்.

ஆண்டில் 300 நாள் ஓட்டுவதாகக் கொண்டால் நிலைமை வருமாறு:

நாளொன்றுக்கு 10 கி.மீ. ஓடினால் ஆண்டுக்கு ரூ. 6,000 மிச்சம். கூடுதல் விலை திரும்பி வர நான்கு ஆண்டு இரண்டு மாதம் ஆகும்.

நாளொன்றுக்கு 20 கி.மீ. ஓடினால் ஆண்டுக்கு ரூ. 12,000 மிச்சம். இரண்டு ஆண்டு ஒரு மாதத்தில் திரும்பி விடும்.

நாளொன்றுக்கு 40 கி.மீ. ஓடினால் ஆண்டுக்கு ரூ. 24,000 மிச்சம். ஓராண்டும் சில நாட்களும் போதும்.

வீட்டிலிருந்து வயலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய் வருபவர் முதல் வகையினர். காலை மாலை வீடு வீடாகப் பால் ஊற்றுபவர், பூவும் கீரையும் தினமும் நகரத்துச் சந்தைக்குக் கொண்டு போகிறவர் மூன்றாம் வகையினர். ஒரே ஊரில், ஒரே தெருவில் வசிக்கும் இவ்விருவருக்கும் விடை வேறு வேறாக அமைகிறது.

இங்கு இரண்டு செய்திகளை மறந்துவிடக் கூடாது. முதலாவது, மொபெட் வைத்திருப்பவர் கணக்கு வேறு. லிட்டருக்கு 55 கி.மீ. கொடுக்கும் மொபெட்டுக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 1.82 தான் செலவு. ஆகவே மிச்சமும் ரூ. 1.58 ஆகக் குறையும். இரண்டாவது, நல்ல நிலையில் ஓடும் வண்டியை விற்றுவிட்டுப் புதியது வாங்குபவருக்குக் கூடுதல் செலவு ரூ. 25,000 அன்று. பழைய வண்டி ரூ. 30,000-க்குப் போனால் மீதி ரூ. 90,000 கையிலிருந்து போட வேண்டும். கிலோமீட்டருக்கு ரூ. 2 வீதம் அதை ஈட்ட 45,000 கி.மீ. ஓட வேண்டும். ஓடுகிற வண்டியை ஓடவிட்டு, அது தேய்ந்த பின் மாற்றுவதே சிக்கனம்.

என்ஜின் ஆயில், பிளக், கார்புரேட்டர் போன்ற செலவுகள் மின்சார வண்டிக்கு இல்லை. இது அதற்குச் சாதகமான அம்சம். டயரும் பிரேக்கும் இரண்டிலும் தேயும்.

தவணையில் மறைந்திருக்கும் விலை

சிறு விவசாயிகள் பெரும்பாலும் தவணைக் கடனிலேயே வண்டி வாங்குகின்றனர். 'வட்டி 12 சதவீதம்' என்று இரண்டு இடங்களில் சொன்னாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒரு லட்ச ரூபாயை மூன்று ஆண்டுத் தவணையில் வாங்குவதாகக் கொள்வோம். கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் மாதத் தவணை ரூ. 3,321, மொத்த வட்டி சுமார் ரூ. 19,570. முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால் மாதத் தவணை ரூ. 3,778, மொத்த வட்டி ரூ. 36,000. வேறுபாடு ஏறத்தாழ ரூ. 16,400.

கிலோமீட்டருக்கு ரூ. 2 வீதம் மிச்சம் பிடிப்பவர் இந்த வேறுபாட்டை ஈடுகட்ட 8,000 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். ஆகவே வட்டி விகிதத்தை மட்டும் கேட்டுத் திருப்தி அடையாமல், 'கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?' என்று கேட்டு, அதை எழுதி வாங்கிக் கொள்வது அவசியம். அறுவடைக்கு அறுவடை பணம் பார்க்கும் குடும்பத்துக்கு மாதத் தவணை பாரமாகும். வாராவாரம் பால் பணம் வரும் குடும்பமே அதைத் தாங்கும்.

மானியத்தை நம்பி முடிவெடுக்கலாமா?

மத்திய அரசு மின்சார வாகனங்களுக்கு 2015 முதல் மானியம் வழங்கி வந்தது. இரு சக்கர வண்டிகளுக்கான மானியம் 2021 ஜூனில் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு (அதாவது ஒரு யூனிட் கொள்ளளவுக்கு) ரூ. 15,000 ஆக உயர்த்தப்பட்டது. 2023 ஜூன் 1 முதல் அது ரூ. 10,000 ஆகவும், 2024 ஏப்ரலில் ரூ. 5,000 ஆகவும் குறைக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த இரு சக்கர மின்சார வண்டிப் பதிவு, அடுத்த ஜூன் மாதத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. விலை மக்களின் முடிவை எவ்வளவு ஆட்டுவிக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

நார்வே நாட்டில் 2024-ல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்கள். அந்நாடு 1990 முதலே மின்சாரக் கார்களுக்கு வரிச் சலுகை அளித்து, பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கனத்த வரியும் விதித்து வந்தது. சலுகை நீண்ட காலம் நிலைத்திருந்ததால் மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

நமது விவசாயிகள் கொள்ள வேண்டிய பாடம் இதுதான். மானியம், சாலை வரிச் சலுகை ஆகியவை மாறக்கூடியவை. வாங்கும் வாரத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, அன்றைய நிலவரப்படி கணக்குப் போட வேண்டும். மானியம் போய்விடும் என்று அவசரப்பட்டுத் தேவையில்லாத வண்டியை வாங்குவது, தள்ளுபடி கிடைக்கிறதென்று தேவைக்கு மேல் உரம் வாங்கிக் குவிப்பதற்கு ஒப்பாகும்.

பேட்டரியின் உண்மையான தூரம்

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மின்சார வண்டிக்குப் பல் என்பது பேட்டரி. வண்டி விலையில் பெரும்பங்கு அதற்கே உரியது.

விளம்பரத்தில் அச்சிடும் தூரம் சோதனைக் கூடத்தில் அளந்தது. மேடு பள்ளம், எதிர்க்காற்று, பின்னால் ஆள், முன்னால் மூட்டை என்று ஓடும்போது அத்தூரம் கிடைப்பதில்லை. 120 கி.மீ. என்று அச்சிட்ட வண்டி, பயன்பாட்டில் 85 கி.மீ. ஓடுவதாகக் கொள்வோம். ஆண்டுகள் செல்லச் செல்லப் பேட்டரியின் கொள்ளளவு குறையும். அது 80 சதவீதமாகும்போது 68 கி.மீ. தான் கிடைக்கும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டால் நம்பி ஓடக்கூடியது 54 கி.மீ. ஆகவே நாள்தோறும் 50 கி.மீ.க்கு மேல் ஓடுபவர் இதைவிடப் பெரிய பேட்டரி உள்ள வண்டியைப் பார்க்க வேண்டும், அல்லது இடையில் சார்ஜ் போட வசதி வேண்டும்.

விலை மலிவு என்று ஈய-அமில பேட்டரி பொருத்திய வண்டிகளைச் சிலர் வாங்குகின்றனர். இவற்றின் எடை அதிகம், ஆயுள் குறைவு. லித்தியம் பேட்டரியே மேலானது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எந்த அளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். உத்தரவாதம் முடிந்த பின் புதிய பேட்டரி என்ன விலை என்பதையும் இன்றே கேட்டுக் கொள்ள வேண்டும். நாள்தோறும் 40 கி.மீ. ஓடுபவர் ஐந்தாண்டில் ரூ. 1,20,000 மிச்சம் பிடித்திருப்பார். கூடுதல் விலை போகவும் பேட்டரி மாற்றக் கையில் பணம் இருக்கும். 10 கி.மீ. ஓடுபவருக்கு அதே காலத்தில் மிச்சம் ரூ. 30,000 தான். அது கூடுதல் விலைக்கே சரியாகிவிடும்.

மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு மேற்படாத, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார் கொண்ட வண்டிகளுக்குப் பதிவும் லைசென்சும் தேவையில்லை. ஆனால் இவ்வகை என்று சொல்லி, வேகத்தைக் கூட்டி மாற்றியமைத்து விற்கும் வண்டிகளை வாங்கலாகாது. விபத்து நேர்ந்தால் சட்டச் சிக்கலும் நஷ்டஈட்டுச் சிக்கலும் வாங்கியவர் தலையில் விழும்.

சார்ஜ் போடும் இடமும் தீ அபாயமும்

2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, அதன் புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் வேறு சில இடங்களிலும் தீ விபத்துகள் நேர்ந்தன. அதன் பின் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 சோதனை விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைப்படுத்தியது. ஆகவே புதிய விதிப்படி தயாரான வண்டியா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய இருப்பைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

கிராமத்து வீடுகளுக்கென்று தனியாகச் சில எச்சரிக்கைகள் உண்டு:

1. கூரை வேய்ந்த மாட்டுக் கொட்டகையிலோ, வைக்கோல் போர், சாக்கு, உர மூட்டை ஆகியவற்றின் அருகிலோ சார்ஜ் போடக் கூடாது.

2. படுக்கும் அறையிலும், வெளியேறும் ஒரே வாசற்படியிலும் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. தீப்பற்றினால் தப்பும் வழி அடைபடும்.

3. எர்த் சரியாக உள்ள தனிப் பிளக் வேண்டும். தளர்ந்த பிளக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரும் சூடேறித் தீக்குக் காரணமாகும். வாங்குமுன் எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒயரிங்கைச் சோதித்துவிட வேண்டும்.

4. வெயிலில் ஓடி வந்தவுடன் சார்ஜ் போடாமல், வண்டியை நிழலில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

5. பேட்டரி உப்பினாலோ, வெள்ளத்தில் மூழ்கினாலோ சார்ஜ் போடாமல், வண்டியை வீட்டைவிட்டு விலக்கி நிறுத்தி, கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும்.

6. புகை கிளம்பினால் அணைக்க முயன்று அருகில் நிற்காமல் விலகிவிட வேண்டும். அப்புகை நச்சுத் தன்மை உடையது.

பம்புசெட் இணைப்பிலிருந்து சார்ஜ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இலவச மின்சாரம் பாசனத்துக்காக அளிக்கப்படுவது. அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டப்படி முறைகேடு. அபராதம் மிச்சப்பட்ட தொகையைப் போல் பல மடங்காகலாம். வீட்டு இணைப்பையே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்கட்டணம் பயன்பாடு கூடக் கூடப் படிப்படியாக உயர்வது. நாளொன்றுக்கு 20 கி.மீ. ஓடினால் இரண்டு மாதத்தில் 48 யூனிட் கூடும். அதனால் தம் வீட்டுக் கணக்கு எந்தப் படிக்குப் போகும் என்பதைப் பழைய மின்கட்டண அட்டையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பழுது பார்க்கும் வசதி

பெட்ரோல் வண்டி நின்றுவிட்டால் எந்த ஊரிலும் ஒரு மெக்கானிக் உண்டு. மின்சார வண்டியின் கண்ட்ரோலரோ பேட்டரியோ கெட்டால் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கே போக வேண்டும். உதிரிப் பாகம் வரும்வரை வண்டி அங்கேயே நிற்கும். நகரத்தில் இருப்பவருக்கு இது தொல்லை. பால் வியாபாரிக்கோ வருமான இழப்பு. பத்து நாள் வண்டி நின்றால் வாடிக்கை வீடுகள் வேறு பால்காரரிடம் போய்விடும். ஆகவே சர்வீஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது, வீட்டுக்கு வந்து பழுது பார்ப்பார்களா, வண்டியை ஏற்றிச் செல்வார்களா என்பவை விலையைவிட முக்கியமான கேள்விகள். விளம்பரத்தை நம்பாமல், சர்வீஸ் நிலையத்துக்கே நேரில் போய், அங்கு நிற்கும் வண்டிக்காரர்களிடம் 'எத்தனை நாளாக நிற்கிறது?' என்று கேட்பதே சிறந்த சோதனை.

சோதித்துப் பார்க்கும் வழி

கடைக்காரர் தரும் ஐந்து நிமிட ஓட்டம் எதையும் காட்டாது. ஊரிலோ பக்கத்து ஊரிலோ அதே வண்டியை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அவரிடம் ஒருநாள் இரவல் கேட்டோ, வாடகைக்குப் பெற்றோ, தாம் அன்றாடம் போகும் அதே வழியில், அதே சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக் கொண்டால் உண்மைத் தூரம் தெரிந்துவிடும். அந்த வண்டி ஏற்றலாம் என்று கம்பெனி குறித்திருக்கும் எடைக்குள் தம் சுமை அடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மழைக்காலச் சேற்றில் வழியில் நின்றுவிட்டால் அந்த எடையைத் தள்ள முடியுமா என்பதை, வீட்டில் அதை ஓட்டப் போகும் பெண்களும் தள்ளிப் பார்த்துச் சொல்லட்டும்.

முடிவாக

நாளொன்றுக்கு 25 முதல் 50 கி.மீ. வரை தினந்தோறும் ஒரே வழியில் ஓடுபவர், ஓட்டு வீடோ மாடி வீடோ நல்ல ஒயரிங்கோடு உடையவர், எளிதில் போய்வரும் தொலைவில் சர்வீஸ் நிலையம் உள்ளவர், மாதந்தோறும் வருமானம் காண்பவர் ஆகியோருக்கு மின்சார ஸ்கூட்டர் நிச்சயம் பலன் தரும். 10 கி.மீ.க்கும் குறைவாக ஓடுபவர், நல்ல நிலையில் மொபெட் வைத்திருப்பவர், கூரைக் கொட்டகையைத் தவிரச் சார்ஜ் போட வேறு இடமில்லாதவர் ஆகியோர் பொறுத்திருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

ஒரு மாதம் தாம் ஓடும் தூரத்தையும் பெட்ரோல் செலவையும் பால் கணக்கு நோட்டின் ஓரத்திலேயே நாள்தோறும் குறித்து வரலாம். மாத முடிவில் அந்த நோட்டை விரித்து வைத்து, மேலே கூறிய முறையில் குடும்பத்தாரோடு அமர்ந்து கணக்குப் போட்ட பின் கடைக்குச் செல்வது நலம் பயக்கும்.